குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் கேட்கும் கேள்விகள்

கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வரும் தம்பதியருக்கு ஆலோசனை சொல்வது என் அன்றாட வேலை. கூட்டத்தில் கேட்கத் தயங்கிக் கதவைச் சாத்திய பிறகு கேட்கும் கேள்விகளையும், வீட்டுக்குப் போன பின் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளையும் இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். இவை உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு உதவும்.

திருமணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. போகும் இடமெல்லாம் ‘விசேஷம் உண்டா?’ என்கிறார்கள். எங்களிடம் ஏதாவது குறை இருக்குமா?

அப்படி எண்ண இன்னும் காலம் இருக்கிறது. கருத்தடை எதுவுமின்றி, சேர்ந்து வாழ்ந்து, முறையாகத் தாம்பத்திய உறவு கொண்டும் 12 மாதங்களுக்குக் கரு தங்காவிட்டால்தான் மருத்துவம் அதைக் குழந்தையின்மை என்கிறது. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதியருக்கே ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். மாதங்கள் சேரச் சேர, 100 தம்பதியரில் 80க்கும் மேற்பட்டோர் முதல் ஆண்டுக்குள்ளும், மீதியுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டிலும் கருத்தரித்துவிடுகிறார்கள்.

எல்லோரும் ஓராண்டு காத்திருக்கலாம் என்பதும் சரியல்ல. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். 40 கடந்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம். மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, வரும்போது எழுந்து நடக்க முடியாத வலி இருக்கிறது, முன்பு கருக்குழாயில் கரு தங்கி அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, காசநோய் வந்திருக்கிறது என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். கணவருக்குச் சிறுவயதில் விரை இறங்காமல் இருந்தது, வாலிப வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியது, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியது போன்ற வரலாறு இருந்தாலும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். நீங்கள் தனி ஆள் இல்லை.

கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பில் வருவார். மூன்று ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. எனக்குத்தான் பிரச்சினை என்கிறார்கள்.

மூன்று ஆண்டு என்பது ஊர் சொல்லும் கணக்கு. மருத்துவக் கணக்கில் நீங்கள் முயன்றது மூன்று அல்லது நான்கு மாதவிடாய்ச் சுழற்சிகள் மட்டுமே. அதை வைத்து யாரிடமும் குறை இருப்பதாகச் சொல்லவே முடியாது. கருத்தரிக்கக்கூடிய நாட்கள் ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ ஆறுதான். விடுப்பின் முதல் வாரம் உறவினர் வீடுகளுக்கும் கடைசி வாரம் பயண ஏற்பாட்டுக்கும் போய்விட்டால், அந்த ஆறு நாட்களும் சேர்ந்தே நழுவிவிடும்.

உங்கள் கடைசி ஆறு மாதவிடாய்களின் தேதிகளைக் கணவருக்கு அனுப்பி, அதற்கேற்ப விடுப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே அவர் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். தேவைப்பட்டால் அவரது விந்தைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பாதுகாத்து, அவர் ஊரில் இல்லாதபோதும் சிகிச்சையைத் தொடர வழி இருக்கிறது. ஆடியில் புதுமணத் தம்பதியரைப் பிரித்து வைக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 25 வயதில் ஒரு மாதம் தவறுவதால் பெரிய இழப்பில்லை. 37 வயதில் மணமுடித்தவர்களுக்கு அந்த மாதம் முக்கியமானது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம்.

என் மனைவிக்குச் சிகிச்சை நடக்கிறது. நானும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

செய்துகொள்ள வேண்டும், அதுவும் முதல் நாளே. இந்தத் தொகுப்பில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

ஒரு பெண் தன் கோப்பை ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டுகளின் காகிதங்கள். ஸ்கேன் அறிக்கைகள் பதினொன்று, கருக்குழாய் எக்ஸ்ரே படங்கள் இரண்டு, வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்த குறுந்தகடு ஒன்று, மூன்று ஊர்களின் மருந்துச் சீட்டுகள். அவ்வளவு காகிதத்திலும் கணவரின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. மனைவியின் பதிவுச் சீட்டில் ‘கணவர் பெயர்’ என்ற கட்டத்தில். மறுநாள் எடுத்த விந்துப் பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லை. ‘இத்தனை வருஷமும் என் வயிற்றை மட்டும்தானே பார்த்தார்கள்’ என்று அந்தப் பெண் கேட்டதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

குழந்தை இல்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் காரணம் தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. சில நூறு ரூபாயில் ஒரே நாளில் முடிந்துவிடும். அதைச் செய்யாமல் ஒரு பெண்ணை அறுவை அரங்குக்கு அனுப்புவது முறையல்ல. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை என்பதால் விந்தணுவும் சரியாக இருக்கும் என்று பல ஆண்கள் நம்புகிறார்கள். ஆண்மைக்கும் விந்தணு எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. வெளிவரும் திரவத்தில் மிகப் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவது. அதில் விந்தணு இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

விந்துப் பரிசோதனைக்கு எப்படித் தயாராவது? அறிக்கையில் உள்ள எண்களுக்கு என்ன பொருள்?

இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். ஆய்வகத்திலேயே தனி அறையில் சுய இன்பம் மூலம் எடுத்துக் கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால், அவர்கள் தந்த டப்பாவிலேயே எடுத்து, உடல் சூடு படும்படி சட்டையின் உட்புறம் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது, சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. முதலில் வரும் சொட்டுகளில்தான் விந்தணு மிகுதி என்பதால், அது சிந்திவிட்டால் ஆய்வகத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள், முன்னோக்கி நகர்பவை 30 சதவீதம், இயல்பான வடிவம் உள்ளவை 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்து, ‘96 சதவீதம் குறைபாடு’ என்று இடிந்துபோய் வருபவர்கள் உண்டு. குழந்தை பெற்ற ஆண்களிலும் இயல்பான வடிவ விந்தணுக்கள் சிறுபான்மையாகவே இருக்கும். அந்த அளவுகோல் அவ்வளவு கறாரானது. இந்த எல்லைகள் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண் போன்றவை அல்ல. இவற்றுக்குக் கீழே இருந்து தந்தையானவர்களும் உண்டு, மேலே இருந்து சிரமப்படுபவர்களும் உண்டு.

ஓர் அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்பதால், இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்திருக்கும்.

எண்ணிக்கை மிகக் குறைவு என்று வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

காரணத்தைத் தேட வேண்டும். முதலில் மருத்துவர் உடலைப் பரிசோதிப்பார். விரையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும் வேரிகோசில், குழந்தையின்மைக்கு வரும் ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் காணப்படுகிறது. தகுந்தவர்களுக்கு அறுவை சிகிச்சையால் பலன் கிடைக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் உடம்பை ஏற்றிக்கொள்ள டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. விந்தணு உற்பத்தி அற்றுப்போகிறது. நிறுத்தினால் பெரும்பாலானோருக்குத் திரும்பும், ஆனால் பல மாதங்கள் ஆகும். புகை, அளவு மீறிய மது, உடல் பருமன் ஆகியவையும் விந்தணுவைக் கெடுக்கும். விரைகளுக்கு உடலின் மற்ற பகுதியைவிடச் சற்றுக் குறைந்த வெப்பம் வேண்டும்; அதனால்தான் அவை வெளியே இருக்கின்றன. உலைக்களத்திலோ அடுப்படியிலோ நாள் முழுதும் நிற்பவர்களும், மடிக்கணினியை மடியிலேயே வைத்து வேலை செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

விந்தணு அறவே இல்லை என்றாலும் கதவு அடைபட்டுவிடவில்லை. வழியில் அடைப்பு இருந்தால் விரையிலிருந்தே ஊசி மூலம் விந்தணுவை எடுக்கலாம். உற்பத்தியே குறைவாக இருப்பவர்களிலும் சிலருக்கு நுண்நோக்கி உதவியுடன் செய்யும் அறுவை சிகிச்சையில் கிடைக்கிறது. ஒரே விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை 1992இல் வந்த பிறகுதான் இந்த ஆண்களுக்குத் தங்கள் சொந்தக் குழந்தை என்ற வாய்ப்பு உண்டானது.

எந்த நாட்களில் சேர்ந்தால் கரு தங்கும்?

கருமுட்டை வெடிப்பது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்பு. ‘அடுத்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 14ஆம் நாள். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு 21ஆம் நாள். இது தெரியாமல் 12 முதல் 16 வரை மட்டும் முயன்றுவிட்டு, சரியான நாட்களைப் பல மாதங்கள் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிவந்த கருமுட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணு ஐந்து நாள் வரை உயிருடன் காத்திருக்கும். ஆகவே முட்டை வெடிக்கும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கணக்கு. வெடித்த மறுநாள் தொடங்குவது தாமதம்.

உடலே அடையாளம் காட்டும். அந்நாட்களில் வெள்ளை படுவது மாறி, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, இரு விரல்களுக்கிடையே இழுத்தால் அறுந்துவிடாமல் நீளும். அதைக் கண்டதும் முயல வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் முட்டை வெடிப்புச் சோதனை அட்டையில் கோடு அழுத்தமாக வந்தால், ஒன்றரை நாளுக்குள் முட்டை வெடிக்கும் என்று பொருள். ஆனால் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அது தவறாகவும் காட்டலாம். நாட்காட்டி பார்த்துச் சேர்வது பல வீடுகளில் கடமையாகி, கடைசியில் சண்டையாகிறது. மாதம் முழுவதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால் எந்தக் கணக்கும் தேவையில்லை. உறவுக்குப் பின் இடுப்புக்குத் தலையணை வைத்துப் படுத்திருக்க வேண்டியதும் இல்லை. எச்சிலும், கடையில் விற்கும் வழுக்குப் பசைகள் பலவும் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்கவும்.

ஸ்கேனில் நீர்க்கட்டி இருக்கிறது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டுமா?

வேண்டாம். அந்தப் பெயர்தான் பயமுறுத்துகிறது. அவை எடுத்தெறிய வேண்டிய கட்டிகள் அல்ல; முழு வளர்ச்சி அடையாமல் நின்றுபோன சிறு முட்டைப் பைகள். முட்டை ஒழுங்காக வெடிக்காததால் மாதவிடாய் தள்ளிப் போகிறது, அதனால் கருத்தரிப்பும் தள்ளிப் போகிறது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் பெரியவர்களில் சினைப்பை நீர்க்கட்டி நோய் என்று முடிவு செய்கிறார்கள். ஸ்கேன் மட்டும் போதாது.

எடை கூடியவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை வெடிக்கத் தொடங்கிவிடுகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது நான்கு முதல் எட்டு கிலோ. சோற்றின் அளவைக் குறைத்துக் காயும் பருப்பும் கூட்டி, நாள்தோறும் வேர்க்கும் அளவுக்கு நடந்தால் எட்டக்கூடிய இலக்குதான் இது. அதற்கு மேல் தேவைப்பட்டால் லெட்ரோசோல் என்ற மாத்திரை முதல் தேர்வாகத் தரப்படுகிறது. அதைச் சாப்பிடும் மாதத்தில் ஸ்கேன் செய்து முட்டை வளர்வதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

கருக்குழாய் அடைப்பு எதனால் வருகிறது?

இடுப்புக்குழித் தொற்று, குடல்வால் வெடித்து ஆறிய தழும்பு, கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் ஆகியவற்றால் வரலாம். நம் நாட்டில் இன்னொரு காரணத்தையும் மறக்கக் கூடாது; அது காசநோய். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. இருமலோ காய்ச்சலோ இல்லாமல், கருக்குழாயில் சத்தமின்றித் தங்கி அதைச் சிதைத்துவிடும். குழந்தை இல்லை என்று பரிசோதிக்கும்போதுதான் அது முதன்முதலாக வெளிப்படும். மாதவிடாய்ப் போக்கு வரவரக் குறைவது ஓர் அடையாளம். உறுதியானால் ஆறு மாதக் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. நோய் குணமாகும், ஆனால் சிதைந்த குழாய் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். அப்போது ஐவிஎஃப் எனப்படும் சோதனைக் குழாய் முறைதான் வழி.

குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, மாதவிடாய் நின்ற சில நாட்களுக்குள் கருப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். சற்று வலிக்கும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

ஏஎம்ஹெச் அளவு குறைவு என்று வந்திருக்கிறது. எனக்கு இனிக் குழந்தையே பிறக்காதா?

ஏஎம்ஹெச் என்பது இரத்தத்தில் பார்க்கும் ஒரு ஹார்மோன். அந்த எண் சினைப்பையில் மீதமுள்ள கருமுட்டைகளின் இருப்பைக் காட்டுவது. தரத்தைக் காட்டுவது அல்ல. ஒரு மாதத்தில் கருத்தரிக்க ஒரு முட்டை போதும். முயற்சி செய்யத் தொடங்கிய பெண்களில், ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களுக்கு இணையாகவே இயல்பாகக் கருத்தரித்ததை 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வயது. ஆகவே இதைக் கேட்டு நம்பிக்கை இழக்கவும் வேண்டாம், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம்.

செவ்வாழை, முருங்கைக்கீரை, நாட்டு மருந்து இவையெல்லாம் பலன் தருமா?

செவ்வாழையும் முருங்கைக்கீரையும் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஒரு மண்டலம் சாப்பிட்டால் அடைத்த குழாய் திறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சித்த மருத்துவம் பார்ப்பதென்றால் பட்டம் பெற்ற மருத்துவரிடம் பாருங்கள். என்னவென்று தெரியாத பொடியையும் பஸ்பத்தையும் கருத்தரிக்கும் காலத்தில் உட்கொள்வது ஆபத்து. உறுதியாகப் பலன் தருவது ஃபோலிக் அமிலம். நாள்தோறும் 400 மைக்ரோகிராம் வீதம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்கினால், குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகள் பெருமளவு தவிர்க்கப்படுகின்றன. தைராய்டு, சர்க்கரை இரண்டையும் அப்போதே பரிசோதித்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்று விரதம் இருப்பவர்களும், திருக்கருகாவூர் போய் நெய்ப் பிரசாதம் வாங்கி வருபவர்களும் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். அது தரும் மன உறுதியை நான் மதிக்கிறேன். வேண்டுதல் நிறைவேறும்வரை மருத்துவரைப் பார்ப்பதில்லை என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஐயூஐ, ஐவிஎஃப் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? வெற்றி நிச்சயமா?

ஐயூஐ முறையில் விந்தைச் சுத்திகரித்து, முட்டை வெடிக்கும் நேரத்தில் கருப்பைக்குள் செலுத்துகிறார்கள். மற்றது எல்லாம் உடலுக்குள் இயல்பாக நடக்க வேண்டும். ஆகவே ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும். ஐவிஎஃப் முறையில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்த்து, மயக்கத்தில் வெளியே எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி, மூன்றாம் அல்லது ஐந்தாம் நாள் கருப்பையில் வைக்கிறார்கள்.

நிச்சயம் என்று யார் சொன்னாலும் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பிரிட்டனில் இச்சிகிச்சையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு வெளியிடும் கணக்கின்படி, 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 40ஐக் கடந்தவர்களுக்குப் பத்தில் ஒன்று, அதற்குப் பின் இன்னும் குறைவு. ‘எங்கள் மையத்தில் 80 சதவீதம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால், அது எந்த வயதினருக்கு, இரத்தப் பரிசோதனையில் கரு தங்கியதையா கையில் குழந்தை கிடைத்ததையா கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். தனியார் மையங்களில் ஒரு முறைக்கே லட்சத்துக்கு மேல் ஆகிறது. நகையை அடகு வைப்பதற்கு முன், எத்தனை முறை முயல்வது என்பதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கரு வைத்த பின் இரண்டு வாரம் படுக்கையிலேயே கிடக்க வேண்டியதில்லை. எழுந்து நடப்பதால் கரு விழுந்துவிடாது.

ஆய்வகத்தில் வேறொருவருடைய விந்தையோ முட்டையையோ கலந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

வெளியே சொல்லாவிட்டாலும் பலர் மனதில் உள்ள கேள்வி இது. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்று சிகிச்சைக்கு வயது வரம்பு உண்டு. முட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் கொடுக்கலாம். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் முட்டைகளைப் போலி ஆவணம் காட்டி விற்றது வெளிவந்தபோது தமிழகமே அதிர்ந்தது. சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே போதும். மாதிரி டப்பாவில் உங்கள் இருவர் பெயரும் எழுதப்படுவதை நேரில் பாருங்கள், சம்மதப் படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள், படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுத்துத் தருவதாகச் சொல்வது குற்றம்.

வளைகாப்புக்குப் போனால் வளையல் போட என்னைக் கூப்பிடுவதில்லை. போகாமல் இருந்தால் பொறாமை என்கிறார்கள்.

உங்கள் வருத்தம் நியாயமானது. போக மனமில்லாத விழாவுக்கு நீங்கள் போக வேண்டியதில்லை; அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. இந்த இடத்தில் கணவர்களைத்தான் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அம்மாவோ அக்காவோ பேசும்போது, ‘பரிசோதனை இரண்டு பேருக்கும் நடக்கிறது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று நீங்கள் வாய் திறந்து சொல்லுங்கள். குறை உங்களிடம் இருப்பதை மறைக்க மனைவி பழியைச் சுமந்துகொண்டிருக்கும் வீடுகள் ஒன்றிரண்டல்ல. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால், மனநல ஆலோசனையையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கேட்டுப் பெறுங்கள்.

முதல் முறை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். என்னென்ன கொண்டு போக வேண்டும்?

கடைசி ஆறு மாதவிடாய்களின் தொடக்கத் தேதிகள், இதுவரை எடுத்த எல்லா அறிக்கைகளும் தேதி வரிசையில், இருவரும் சாப்பிடும் மருந்துகளின் அட்டைகள், இருவருக்கும் முன்பு நடந்த அறுவை சிகிச்சைகளின் விவரம். முன்பு கரு கலைந்திருந்தால் அதை மாமியார் முன்னால் சொல்லத் தயக்கமாக இருக்கும்; மருத்துவரிடம் தனியே பேச நேரம் கேளுங்கள். துணைக்கு யார் வந்தாலும் வராவிட்டாலும் கணவர் வர வேண்டும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு வந்தால், அவர் அன்றைக்கே விந்து மாதிரியைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.